முப்பத்தெட்டுப் பெயர்கள்

பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் பதிவு அலுவலகத்துக்கு அமுதவள்ளி அக்கா வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அது படித்து முடித்தவுடன் பிள்ளைகள் சேர்கிற வேலை. மாணவர் விண்ணப்பப் பாரங்களை வாங்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், கோப்பில் சேர்க்க வேண்டும். இந்த வயதில் ஏன் இதற்கு வருகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. வெளிநாட்டில் அமைதிகாப்புப் பணியில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர் என்று தெரிந்தபோது இன்னும் புரியாமல் போனது.

நான் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒரே மேசை. சில மாதம் பழகிய பிறகுதான் அக்கா இதைச் சொன்னார், அதுவும் ஒரே நாளில் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது நிலோபர். ஆனா அந்த நாட்டுப் பேரையும் ஊர்ப் பேரையும் போட்டுடாத. ஹவாவோட சொந்தக்காரங்க இன்னும் அங்கதான் இருக்காங்க" என்றார். அதனால் போடவில்லை. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஒரு நாடு, அவ்வளவு தெரிந்தால் போதும்.

அக்கா பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். அப்பா கார்த்திகேசு ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஆறாம் படிவம் முடித்து தட்டச்சு வேலைக்குப் போனவர், பிறகு கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் பணியாளர் பிரிவில் பத்தொன்பது வருடம் இருந்தார். யாருக்கு எத்தனை நாள் விடுப்பு மிச்சம், யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்றெல்லாம் ஃபைலைத் திறக்காமலே சொல்லக்கூடியவர். கணவர் ராதாகிருஷ்ணன் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. வீடு கிள்ளானில். ஒரே மகள் லோகேஸ்வரி ஜொகூருக்கு வேலைக்குப் போன பிறகு வீடு வெறிச்சோடிப்போனது.

அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். நிர்வாகத்தில் பதினைந்து ஆண்டு அனுபவம், ஆங்கிலம், கடினமான சூழலில் வாழச் சம்மதம். சும்மா எழுதிப் போட்டார். எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

"மனுசங்க தப்பிச்சு ஓடி வர்ற ஊருக்கு நீ வேலைக்குப் போறியா?" என்று கேட்டார் ராதாகிருஷ்ணன்.

"நான் என்ன துப்பாக்கி தூக்கவா போறேன்? ஃபைல் தூக்கப் போறேன்லா" என்றார் அக்கா.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. வாழ்க்கையில் முதல்முறையாக, யாருக்காகவும் இல்லாமல் தனக்கே தனக்கு என்று ஓர் ஆசை வந்திருந்தது. அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு கூச்சம் வரும். ஆசைப்பட்டது தப்போ என்பது போல.

முதல் மூன்று வருடம் தலைநகரில். பிறகு வடக்கே, பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர் முகாம். மண்மூட்டை அடுக்கிய மதில், வரிசையாகக் கொண்டெய்னர் அறைகள், ஓயாமல் இரையும் ஜெனரேட்டர். இராணுவத்தினர் ரோந்து போவார்கள், போலீஸ்காரர்கள் ஊர்ப் பெரியவர்களோடு பேசுவார்கள். அக்கா அந்த எல்லாருக்கும் அறை ஒதுக்கினார், விடுப்பு எழுதினார், அடையாள அட்டை வழங்கினார், போர்வையும் தலையணையும் கணக்கு வைத்தார். யார் முகாமுக்குள் இருக்கிறார்கள், யார் வெளியே போயிருக்கிறார்கள் என்ற பட்டியல் தினமும் மாலை ஐந்து மணிக்கு அவர் கையெழுத்தோடு போக வேண்டும். "சண்டையை நிப்பாட்டுறவங்களுக்கு மெத்தை போட்டுக் கொடுக்குறதுதான் என் வேலை" என்று சிரிப்பார்.

அங்கே அவருக்கு உதவியாக இருந்தவள்தான் ஹவா. அந்த ஊர்க்காரி, இருபத்தொன்பது வயது, கல்லூரியில் கணக்கியல் படித்தவள். அவளும் அக்காவும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதல் வாரமே அவள் அக்காவின் பட்டியலைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாளாம்.

"மேடம் அமுதா, இதில் ஒரு ஆள் அதிகம்."

"யாரு?"

"நீங்களே. உங்கள் பெயரை இரண்டு முறை போட்டிருக்கிறீர்கள்."

அன்றிலிருந்து எந்தப் பட்டியலும் ஹவா எண்ணிப் பார்க்காமல் போனதில்லை. இருவரும் ஒரே கொண்டெய்னரில் மூன்று வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கிள்ளானிலிருந்து அக்கா கொண்டுபோன கறித்தூளைப் போட்டு ஹவா ஆட்டிறைச்சி சமைப்பாள். அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி; ஒவ்வொரு முறை ஊருக்கு வந்து திரும்பும்போதும் அக்கா இங்கிருந்து இரத்தப் பரிசோதனைப் பட்டைகள் வாங்கிப் போவார். அந்த அம்மா பதிலுக்குக் காய வைத்த வெண்டைக்காயைப் பொட்டலம் கட்டி அனுப்புவார்.

முகாமில் அடையாள அட்டை இரண்டு நிறம். வெளிநாட்டு ஊழியர்களுக்கு நீலம், உள்நாட்டு ஊழியர்களுக்குப் பச்சை. அக்காதான் இரண்டையும் அச்சடித்துக் கொடுப்பார். நிலைமை மோசமானால் நீல அட்டைக்காரர்களை விமானத்தில் ஏற்றி நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவார்கள். பச்சை அட்டைக்காரர்கள் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும், அல்லது முடிந்தால் உள்நாட்டிலேயே வேறு ஊருக்கு மாற்றப்படுவார்கள். இது எல்லாரும் சேரும்போதே கையெழுத்துப் போட்ட விதி. ஹவாவும் போட்டிருந்தாள். அக்காவே அந்தக் காகிதத்தை அவளிடம் நீட்டியிருந்தார். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை விடியும்போது ஊருக்குள் சண்டை தொடங்கியது. அரசுப் படையும் அதிலிருந்து பிரிந்த ஒரு கூட்டமும் சந்தைக்கு இரு பக்கமும் நின்று சுட்டுக்கொண்டார்கள். காலை எட்டு மணிக்கு ஹவா தன் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு முகாம் வாசலுக்கு வந்தாள். அவளையும் சேர்த்து உள்நாட்டு ஊழியர்கள் பதினோரு பேர், சிலர் குடும்பத்தோடு. அவர்களை உள்ளே விட்டார்கள். வண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் தங்கச் சொன்னார்கள். அம்மாவைக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டு ஹவா நேராக அலுவலகத்துக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு நாளும் வேலை பார்த்தாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு விமானம் வரும் என்று செய்தி வந்தது. நாற்பது இருக்கை. முகாமின் நீல அட்டைக்காரர்கள் சரியாக நாற்பது பேர். அக்கா பட்டியல் போட்டார், ஹவா எண்ணிப் பார்த்தாள். ஒன்பது மணிக்கு வானொலி அறையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. வெளியே வேலைக்குப் போயிருந்த இரண்டு பொறியாளர்கள் வேறொரு அமைப்பின் வண்டித் தொடரோடு சேர்ந்து சாலை வழியாகவே எல்லையைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் வர மாட்டார்கள்.

அக்கா இரண்டு பெயர்களை அடித்தார். முப்பத்தெட்டு.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிடுவார்.

"இரண்டு சீட்டு நிலோபர். ஹவா ஒண்ணு, அவங்கம்மா ஒண்ணு. அந்த நிமிஷமே எனக்குத் தோணிடுச்சு. தோணலைன்னு சொன்னா பொய்."

முகாம் தலைவரிடம் கேட்கலாம் என்று எழுந்து போனார். அவர் தொலைபேசியில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். வாசலில் அக்காவைப் பார்த்ததும் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார், ஐந்து நிமிடம் பொறு என்று. அக்கா நின்றார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்துவிட்டார். பிறகு போகவே இல்லை.

"ஏன்க்கா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

அக்கா டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "கேட்டா முடியாதுன்னு சொல்லுவாரு. சொல்லிட்டா அதை நான்தான் ஹவாகிட்டப் போய்ச் சொல்லணும். கேக்காம இருந்தா யாரும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம். அப்புறம், பதினோரு பேருல எனக்குப் பழக்கமான ஒருத்தியை மட்டும் எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு ஒரு நியாயம். இதெல்லாம் பிளேன் ஏறின பிறகு நானா யோசிச்சுக் கண்டுபிடிச்சது. அப்ப என் மனசுல இருந்தது ஒண்ணுதான். சீக்கிரம் ஏறிடணும். வீட்டுக்குப் போகணும்."

விமான ஓடுதளம் முகாமின் பின்பக்கம்தான். எல்லாரும் தலைக்கவசத்தோடு வரிசையில் நின்றார்கள். அக்கா பெயர்களைப் படித்தார். காற்றுச் சத்தத்தில் கேட்காமல் போனவற்றை ஹவா உரக்கத் திருப்பிச் சொன்னாள். பட்டியல் செருகிய அட்டை ஹவாவின் கையில். ஒவ்வொருவர் ஏறும்போதும் ஒரு குறி போட்டாள். கடைசிப் பெயர் அக்காவுடையது.

"முப்பத்தெட்டு, மேடம். சரியாக இருக்கிறது" என்று சொல்லி அட்டையைக் கொடுத்தாள்.

அக்கா உணவுக் கிடங்கின் சாவியை அவள் கையில் வைத்து, "போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன்" என்றார். கட்டிப்பிடிக்கக்கூட நேரமில்லை. விமானத்தின் கடைசி வரிசையில் இரண்டு இருக்கைகள் காலி. யாரோ குண்டு துளைக்காத சட்டைகளைக் கழற்றி அவற்றின்மேல் போட்டார்கள். பிறகு ஒருவர் தன் பையை வைத்தார். ஒன்றரை மணி நேரம் அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தவரின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து ஹவாவின் தொலைபேசி எண் செயலிழந்தது. மூன்றாம் வாரம் முகாம் சூறையாடப்பட்டது என்று செய்தி வந்தது. சில மாதங்களில் அந்தப் பணியையே மூடிவிட்டார்கள். அக்காவின் ஒப்பந்தம் முடிந்தது, கிள்ளானுக்குத் திரும்பிவிட்டார்.

ராதாகிருஷ்ணனுக்கு அது பெரிய நிம்மதி. குடியிருப்போர் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாராட்டு விழா வைத்தார்கள். தலைவர் தம்புசாமி பொன்னாடை போர்த்தி ஒலிபெருக்கியில் பேசினார்.

"நம்ம கிள்ளான் வீட்டுப் பொண்ணு, எங்கேயோ இருக்குற நாட்டுல எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு."

எல்லாரும் கை தட்டினார்கள். அக்காவும் கூடவே தட்டினாராம். அதைச் சொல்லும்போது அவருக்கே தாங்கவில்லை. "என்னத்துக்குத் தட்டினேன்னு தெரியல. கை தானா தட்டிடுச்சு."

அதன் பிறகு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் பெட்டியில் எத்தனை இருக்கை காலி என்று எண்ணிவிடுவார். திரையரங்கிலும் கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான். இரண்டு என்று வந்துவிட்டால் அன்று முழுக்க வேலை ஓடாது. கணவரிடம் இதைச் சொல்லவில்லை. வேறொரு நாட்டில் இன்னொரு பணிக்கு விண்ணப்பம் போட்டார். முதல் கட்டத் தேர்வுப் பட்டியலில் பெயரும் வந்தது.

ஏழு மாதம் கழித்து ஒரு காலை, அக்கா பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு குரல்பதிவு வந்தது. தெரியாத எண். மீன்காரர் நறுக்கி முடிப்பதற்குள் காதில் வைத்துக் கேட்டார்.

"மேடம் அமுதா. நான் ஹவா. நான் உயிரோடு இருக்கிறேன்."

அக்கா மீனை மறந்துவிட்டு வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் நின்றே மிச்சத்தைக் கேட்டார். ஹவா எல்லை தாண்டி, பக்கத்து நாட்டில் அகதி முகாமில் இருந்தாள். அம்மா இல்லை. வழியில் மருந்து தீர்ந்துவிட்டது. முகாமுக்கு வந்து பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். இதையெல்லாம் ஹவா வேகமாக, வருகைப் பதிவு வாசிப்பது போலச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். வெளிநாட்டுக்காரர்களிடம் வேலை செய்தவர்களை வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் தேடினார்கள். அதனால் பச்சை அட்டையையும் நியமனக் கடிதத்தையும் அவள் எரித்துவிட்டாள். இப்போது முகாம் அலுவலகத்தில் அதே காகிதத்தைக் கேட்கிறார்கள். அங்கே வேலை செய்ததால் ஆபத்து என்று நிரூபித்தால்தான் அவளுடைய அகதி வழக்கு நகரும்.

"ஒரே ஒரு கடிதம் போதும், மேடம். நீங்கள் கொடுத்தால் நம்புவார்கள்."

அக்கா அன்றே தலைமையகத்துக்கு எழுதினார். மூடப்பட்ட பணிகளின் ஆவணங்களைத் தேட ஆறு மாதம் வரை ஆகலாம் என்று தானியங்கிப் பதில் வந்தது. பழைய முகாம் தலைவருக்கு எழுதினார். அவர் மரியாதையாகத்தான் பதில் போட்டார். தமக்கு அதிகாரம் இல்லை, அக்காவுக்கும் இல்லை. பணியில் தெரிந்துகொண்ட எதையும் அனுமதியின்றி வெளியே சொல்வதில்லை என்று நாம் கையெழுத்திட்டிருக்கிறோம், மறந்துவிட வேண்டாம்.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது ராதாகிருஷ்ணனிடம் சொன்னார்.

"ரூல்னு ஒண்ணு இருக்குல்ல அமுதா. நீயே சைன் பண்ணியிருக்க" என்றார் அவர். "புது வேலைக்குக் கூப்பிடுற நேரம். இப்பப் போய் இதுல கை வச்சா உன் பேரு கெட்டுடும்லா. ஆறு மாசத்துல அவங்களே கொடுப்பாங்க."

"அவங்கம்மா பன்னெண்டு நாள்ல போயிட்டாங்க."

"அதுக்கு நீ என்ன பண்ணியிருக்க முடியும்?"

அந்தக் கேள்விக்குத்தான் அக்கா உடைந்தார். இரண்டு இருக்கைகளைப் பற்றி முதல்முறையாக அப்போதுதான் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னார். ராதாகிருஷ்ணன் கேட்டு முடித்து, கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். திரும்பி வந்து, "எழுதணும்னா எழுது. ஆனா எதுல எழுதுவ? உன்கிட்ட அந்த ஓபிஸ் லெட்டர்ஹெட்டா இருக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் வழி பிறந்தது. அலுவலகத்தின் பெயரில் எழுத அதிகாரம் இல்லை. ஆனால் தன் சொந்தப் பெயரில் சத்தியம் செய்து சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. நம் ஊரில் அடையாள அட்டை தொலைந்தாலும் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அதைத்தானே செய்கிறோம்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ரெங்கசாமியின் அலுவலகம். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது சத்தியப் பிரமாண ஆணையர். கார் விற்பவர்கள், பிறப்புப் பத்திரம் திருத்துபவர்கள் என்று வாசலில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். ஒரு நிமிடத்தில் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். அக்கா கொடுத்த நான்கு பக்கத்தை மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் அதைப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

ஹவாவின் முழுப்பெயர், வேலையில் சேர்ந்த நாள், செய்த வேலைகள், எந்தக் கொண்டெய்னரில் எந்த மேசை, அந்த மூன்று நாளும் என்ன நடந்தது. எல்லாம் எண் போட்ட பத்திகளாக இருந்தன. பதினான்காவது பத்தியில் அவர் விரல் நின்றது.

"விமானத்தில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தது எனக்குத் தெரியும். ஹவாவையும் அவருடைய தாயாரையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை."

"இது எதுக்கும்மா?" என்றார் ரெங்கசாமி. "அந்தப் பொண்ணு வேலை செஞ்சாங்கன்னு காட்ட இது தேவையில்லையே. இது உங்களையே குத்துதுலா."

"தெரியும் அங்கிள்."

"எடுத்துட்டு வேற பிரிண்ட் போடுறீங்களா? கீழ கடை இருக்கு."

"போட்டுப் பாத்தேன் அங்கிள். அதை எடுத்துட்டா மத்ததெல்லாம் பொய் மாதிரி இருக்கு."

ரெங்கசாமி கண்ணாடியைக் கழற்றினார். வழக்கமாகச் சொல்லும் வாசகத்தை வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார். இதில் உள்ளவை உண்மை என்று மனசாட்சிப்படி நம்புகிறீர்களா, பொய்யானால் சட்டப்படி குற்றம் என்று தெரியுமா. அக்கா வலது கையை உயர்த்தினார். முத்திரை குத்திய பிறகு அவர் கட்டணத்தை வாங்கவில்லை.

அக்கா அதை ஹவாவுக்கும் அவளுடைய முகாம் அலுவலகத்துக்கும் அனுப்பினார். ஒளித்துச் செய்ததாக இருக்க வேண்டாம் என்று தலைமையகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினார். மூன்று வாரத்தில் அங்கிருந்து பதில் வந்தது. புதிய பணிக்கான தேர்வில் அவர் பெயர் மேற்கொண்டு பரிசீலிக்கப்படாது. காரணம் எதுவும் எழுதவில்லை. அந்தச் சத்தியப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

ஹவாவிடமிருந்து பத்து நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு குரல்பதிவு வந்தது. அக்கா அதை அழிக்காமல் வைத்திருக்கிறார். எனக்கு ஒருமுறை போட்டுக் காட்டினார். நிதானமான குரல், பின்னால் எங்கோ கோழிச் சத்தம்.

"மேடம், பதினான்காம் பத்தியை நான் வாசித்தேன். எனக்கு அன்றே தெரியும். பட்டியலை எண்ணுவது நான்தானே. நீங்கள் எழுந்து அவர் அறைக்குப் போனதைப் பார்த்தேன். கேட்கத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தீர்கள். நானும் கேட்டிருக்கலாம். எனக்கும் வாய் இருந்தது. அதை ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். என் அம்மா கடைசி வரைக்கும் உன் மேடம் எப்போது திரும்பி வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இனி இதை யாருக்கும் எழுதாதீர்கள். இது அலுவலகக் காகிதத்தில் இருக்க வேண்டிய விஷயம் இல்லை."

அக்கா அதற்குப் பதில் அனுப்ப நான்கு நாள் ஆனது. என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடிதம் பலித்தது. ஹவாவின் வழக்கு ஏற்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் முகாம் பள்ளியில் பதிவேடு பார்க்கும் வேலையும் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. அன்று வாசலுக்கு வந்த பதினோரு பேரில் மீதிப் பத்துப் பேருடைய பெயர்கள். பக்கத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று குறித்திருந்தாள். மூன்று பேரைப் பற்றித் தகவல் இல்லை, ஒருவர் இறந்துவிட்டார். மிச்சம் ஆறு பேருக்கும் அதே கடிதம் வேண்டும். தயவுசெய்து என்றோ முடியுமா என்றோ அவள் எழுதவில்லை. பெயர்களை மட்டும் அனுப்பியிருந்தாள்.

எங்கள் கல்லூரியில் அக்கா வேலைக்குச் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். சனிக்கிழமை காலைகளில் ராதாகிருஷ்ணன் அவரைக் காரில் தெங்கு கிளானா சாலைக்குக் கொண்டுபோய் விடுவார். பார்க்கிங் கிடைக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கீழே ஒட்டுக்கடையில் அப்பம் வாங்கிக்கொண்டு காத்திருப்பார். சமையல்காரர், இரண்டு ஓட்டுநர்கள், துப்புரவுப் பெண்மணி, மொழிபெயர்ப்பாளர் என்று ஐந்து பேருக்கு ஐந்து சத்தியப் பத்திரங்கள். பதினான்காம் பத்தி எதிலும் இல்லை, ஹவா கேட்டுக்கொண்டபடி.

ஆறாவது ஆளிடம்தான் அக்கா தடுமாறினார். யாக்கூப், இரண்டாம் வாசல் காவலாளி. பெயர் தெரியும். அவருடைய விடுப்புப் பாரங்களில் மூன்று வருடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் முகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பழைய குழுப் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். காவலாளிகள் எதிலும் இல்லை. படம் எடுக்கும் நேரத்தில் அவர்கள் வாசலில் நின்றிருப்பார்கள்.

"பேரு மட்டும் தெரிஞ்சா, இவரை எனக்குத் தெரியும்னு எப்படி நிலோபர் சத்தியம் பண்றது?" என்றார் என்னிடம்.

"ஹவாவுக்குத் தெரியும்லக்கா. அது போதாதா?"

"அப்ப ஹவாதான் சத்தியம் பண்ணணும்."

அதையே ஹவாவிடமும் சொன்னார். ஹவாவுக்குக் கடும் கோபம். மூன்று வருடம் காலையும் மாலையும் உங்களுக்குக் கதவு திறந்தவர், ஒரு முகத்தைக்கூடவா நினைவில் வைக்கவில்லை என்று எழுதினாள். பிறகு மூன்று வாரம் பேசவே இல்லை. அந்த நாட்களில் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், மூடுவார். வேலையில் மட்டும் ஒரு தவறும் இருக்காது.

கடைசியில் ஹவாவே ஒரு காணொளி அழைப்புக்கு ஏற்பாடு செய்தாள். எங்கள் மதிய நேரம், அங்கே காலை. மேசையில் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்த கைபேசியை நானும் ஓரத்திலிருந்து பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், நரைத்த தாடி, ஒல்லியான மனிதர். அக்கா அவரை உற்றுப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். தெரியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

யாக்கூப் அவருடைய மொழியில் ஏதோ சொன்னார். ஹவா ஆங்கிலத்தில் சொன்னாள்.

"உங்களுக்கு நினைவிருக்காது என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை என்கிறார். முதல் வருடம் இவருக்குக் கொடுத்த பூட்ஸ் சிறியதாக இருந்ததாம். இரண்டு வாரம் நொண்டிக்கொண்டு நின்றாராம். நீங்கள் கிடங்கிலிருந்து வேறு ஜோடி எடுத்துவந்து, அளவு சரியா என்று குனிந்து கட்டைவிரலை அழுத்திப் பார்த்தீர்களாம்."

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "நாப்பத்தாறாம் நம்பர்" என்றார் என்னிடம், தமிழில். "அந்த சைஸ் கிடைக்காம தலைநகர்லேர்ந்து வரவழைச்சேன். பூட்ஸ் ஞாபகம் இருக்கு நிலோபர். கால் ஞாபகம் இருக்கு. நிமிர்ந்து மூஞ்சியப் பாத்த ஞாபகந்தான் இல்ல."

அடுத்த சனிக்கிழமை ரெங்கசாமியிடம் நானும் கூடப் போனேன். ஒன்றரைப் பக்கம்தான் பத்திரம். இந்த மனிதரின் முகம் எனக்கு நினைவில் இல்லை. யாக்கூப் என்ற பெயரில் இரண்டாம் வாசலில் காவலாளி ஒருவர் இருந்தார். அவருடைய விடுப்புப் பாரங்களில் நான் கையெழுத்திட்டேன். அந்தக் காவலாளிக்கு நாற்பத்தாறாம் அளவு பூட்ஸ் நானே மாற்றிக் கொடுத்தேன். இதை வேறு எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதவில்லை. காணொளியில் நான் பார்த்தவர் நான் கேட்காமலே இதைச் சொன்னார்.

ரெங்கசாமி படித்துவிட்டு நிமிர்ந்தார். "இவ்வளவு போதுமாம்மா? அங்க ஒத்துக்குவாங்களா?"

"தெரியல அங்கிள். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

அவர் முத்திரையை எடுத்தார். கீழே சாலையில் ராதாகிருஷ்ணன் காரை இரண்டாம் வரிசையில் நிறுத்திவிட்டு, யாரோ ஹாரன் அடிக்க, கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பத்திரத்தை அன்று மதியமே அனுப்பினோம். ஏழு வாரமாகிறது. யாக்கூப்புக்கு இன்னும் பதில் வரவில்லை.